இன்னொரு பார்ட்டி

அத்தியாயம் 4

"வண்டியில ஒரு குறையும் இல்ல. அதான் எனக்கு உதைக்குது" என்றார் சர்வேயரம்மா, பானெட்டை மூடிக்கொண்டே.

கருநீலக் கார். இரண்டே கதவு. மேலே கறுப்புத் துணிக்கூரை. பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் ரகம். ஆறு வயதாகியும் மினுமினுப்பு குறையவில்லை. அந்தப் பழைய கார் யார்டில் வரிசை கட்டி நின்ற மற்ற வண்டிகள் எல்லாம் அதைப் பார்த்து முகம் வாடி நிற்பது போல் இருந்தது.

சர்வேயரம்மா இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பழைய பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. அவருடைய உதவியாளனுக்கு எல்-போர்டு என்று பெயர். டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடம், ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் பிழைத்தவன். அதனால் எதற்கும் பயமில்லை. வாய்க்குப் பூட்டும் இல்லை.

"குறை இருக்கு மேடம்" என்றான் அவன். "இது என்னோடது இல்ல. பாத்ததுல இருந்து நெஞ்செல்லாம் எரியுது."

"உங்களுக்கு அரை மணி நேரமாத்தான் எரியுது. எனக்கு மூணு வாரமா எரியுது" என்றார் பின்னால் நின்றவர்.

அவர்தான் கேஸைக் கொண்டுவந்தவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தக் காரைப் பார்த்து மயங்கி, 'யோசித்துச் சொல்கிறேன்' என்று போயிருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது, "இன்னொரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்கு சார்" என்றார் புரோக்கர். அதற்கடுத்த தடவையும் அதே பார்ட்டி. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

"அந்தப் பார்ட்டி என் சகலைதான் மேடம். வேற எவனும் இல்ல" என்றார். "என் மனைவியோட தங்கச்சி புருஷன். நான் ஸ்கூட்டர் வாங்கின மாசம் அவன் கார் வாங்கினான். நான் கடைக்கு ஏசி போட்டேன், அவன் வீடு பூரா போட்டான். குடும்ப போட்டோ எடுத்தாக்கூட ஆறடி உயரம்னு அவனைத்தான் நடுவுல நிறுத்துவாங்க. நான் ஓரத்துல நிப்பேன். பாதி போட்டோவுல என் தோள் வெட்டுப்பட்டிருக்கும்."

"போட்டோகிராபரையும் விசாரிச்சுடலாமா சார்?" என்றான் எல்-போர்டு.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடலேன்னா அவனுக்குக் குடுத்துடுவேன்னு புரோக்கர் சொல்லிட்டார். போடுறதுக்கு முன்னாடி அவன்தான்னு எனக்குக் கையில ஆதாரம் வேணும். அப்புறம் அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு ஒரு வார்த்தை கேப்பேன். வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு நான் முதல்ல ஆசைப்பட்டா, அதையும் விட மாட்டியாடான்னு."

அதற்குள் புரோக்கர் வந்துவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிரிப்பு.

"அந்த இன்னொரு பார்ட்டி எப்ப வந்தாரு?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"போன சனிக்கிழமை மேடம். நல்ல உயரம். தங்க ஃப்ரேம் கண்ணாடி. ஏதோ புதினா மிட்டாயைச் சப்பிக்கிட்டே வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாரு."

"கேட்டீங்களா! அந்த ஃப்ரேம் நானே என் கையால மாட்டிவிட்டது மேடம்!" என்று கண்ணாடிக்காரர் துடித்தார். கதவைத் திறந்து, கியருக்குப் பக்கத்திலிருந்த குழியைக் காட்டினார். அதில் ஒரு மிட்டாய்த்தாள், சின்னப் படகாக மடிக்கப்பட்டுக் கிடந்தது. "எங்க உக்காந்தாலும் இப்படித்தான் மடிப்பான். சீட்டைப் பாருங்க, கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருக்கு. என் சகலைக்குத்தான் அவ்வளவு நீளக் கால்."

சர்வேயரம்மா மிட்டாய்த்தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். புரோக்கரிடம், "அவருக்கு அப்புறம் யாராவது இந்த சீட்ல உக்காந்தாங்களா?" என்றார்.

"சாவி என் இடுப்பைத் தாண்டாது மேடம். அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

"எல்-போர்டு, உனக்கும் ஆறடிக்குக் கொஞ்சம்தானே கம்மி? உக்காரு. கூரையத் திறந்து பாரு."

எல்-போர்டு மகாராஜா போல உட்கார்ந்தான். கூரைப் பொத்தானைத் தேடினான். வைப்பர் ஓடியது. ஹாரன் அலறியது. நாலு பக்கமும் விளக்கு மின்னியது. கூரை மட்டும் அசையவில்லை. கடைசியில் புரோக்கர் எட்டிக் குனிந்து, கை வைக்கும் திண்டின் மூடியைத் தூக்கிக் காட்டினார். பொத்தான் அதற்குள் ஒளிந்திருந்தது.

"யாரும் சொல்லாம யாராலயும் கண்டுபிடிக்க முடியாது சார்" என்றார் புரோக்கர் பெருமையாக.

"கண்ணாடியில என்ன தெரியுது?" என்றார் சர்வேயரம்மா.

எல்-போர்டு உள் கண்ணாடியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த குறும்பு கொஞ்சம் விலகியது. "பின் சீட்டு நல்லாத் தெரியுது மேடம். யாரும் உக்காரல. பின்னாடி லாரி வந்தா மட்டும் தெரியாது."

அவனை இறக்கிவிட்டு சர்வேயரம்மா உட்கார்ந்தார். அவர் குள்ளம், கால் பெடலுக்கு எட்டவே இல்லை. சீட்டை ஒவ்வொரு பல்லாக முன்னே நகர்த்தினார். ஓரிடத்தில் வந்ததும் உள் கண்ணாடியில் பின்பக்கச் சாலை முழுதாக, சட்டம் போட்ட படம் மாதிரி வந்து நின்றது. பிறகு இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அது சாலையைக் காட்டவில்லை. குனிந்து பின் டயரையும் தரையையும் காட்டியது.

எழுந்து வந்தவர், சீட்டை மறுபடி பழையபடியே பின்னால் தள்ளிவிட்டார்.

"நாலு மணிக்கு வந்துடுங்க சார். அதுக்குள்ள ஆளைச் சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரரிடம்.

"என் மனைவியையும் கூட்டிட்டு வர்றேன் மேடம். பாவம், அவ இன்னும் வண்டியக் கண்ணாலகூடப் பாக்கல. லேப்ல வேலை, லீவு கிடைக்கல."

வெளியே வந்ததும் எல்-போர்டு குரலைத் தாழ்த்தினான். "கண்ணாடிக் கடைக்காரரே கண்ணாடியப் பாக்காம விட்டுட்டாரே மேடம்! முதல் நாள் முதல் பாடம் அதுதான். சீட்டை நகர்த்தினா கண்ணாடியைத் திருப்பணும். ஆறடி ஆளு ஒரு ரவுண்டு ஓட்டியிருந்தா, கண்ணாடி ஆறடி ஆளுக்குத்தான் இருக்கணும்."

"சீட்டு பின்னால போயிருக்கு. கண்ணாடி என் உயரத்துக்கு இருக்கு. அப்ப ஓட்டினது குள்ளமான ஆளு. ஓட்டிட்டு இறங்கின பிறகு, கண்ணாடிக்காரர் பாக்கட்டும்னு சீட்டை மட்டும் தள்ளி விட்டிருக்காங்க. அந்த இடது கண்ணாடி?"

"நடைபாதை விளிம்புல டயர் உரசிடுமோன்னு பயப்படுறவங்க அப்படி வைப்பாங்க. சந்துல அடிக்கடி ஓரம் கட்டி நிறுத்துற ஆளு."

"அந்த மிட்டாய்த்தாள்ல புதினா வாசனை துளிகூட இல்ல. மிட்டாயை யாரோ என்னைக்கோ தின்னிருக்காங்க, வேற யாரோ தாளைப் பத்திரமா கொண்டுவந்து போட்டிருக்காங்க. வா, அந்த ஆறடியைப் பாத்துட்டு வரலாம்."

சகலையின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். படி ஏறி மூச்சு வாங்கி நின்றபோது உள்ளிருந்து, "கதவு திறந்துதான் இருக்கு, தள்ளிட்டு வாங்க" என்று குரல் வந்தது.

ஹாலில் ஒருவர் சோபாவின் நீளத்துக்கும் மிச்சமாகப் படுத்திருந்தார். இடது கால் தொடை வரை மாவுக்கட்டு. இரண்டு தலையணை மேல் அது தனி மனிதன் போல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் கனமான கறுப்புக் கண்ணாடி; ஒரு காதில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்து மேஜையில் ஏழெட்டுக் காகிதப் படகுகள் நின்றன.

சர்வேயரம்மா வந்த காரணத்தைப் பாதி சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"காரா? எனக்கு இப்ப பாத்ரூம் போகவே ஒரு வண்டி வேணும் மேடம். இருபத்துநாலு நாளாச்சு. இந்தப் படியிலதான் விழுந்தேன்."

"என்ன வேலை சார் பாக்குறீங்க?" என்றான் எல்-போர்டு.

"லிஃப்ட் கம்பெனியில என்ஜினீயர். சிரிக்காதீங்க."

எல்-போர்டு ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க தங்க ஃப்ரேம் என்னாச்சு?" என்றார் சர்வேயரம்மா.

"விழுந்த அன்னைக்கே நொறுங்கிப் போச்சு. இது காலேஜ்ல போட்டது, எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது." சட்டென்று நிமிர்ந்தார். "அது தங்க ஃப்ரேம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க விழுந்தது யார் யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸுக்குத் தெரியும். சொந்தத்துல யாருக்கும் தெரியாது. என் வீட்ல ஒரே பிடிவாதம். அவங்க அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாதாம். அம்மாகிட்ட சொன்னா அக்கா காதுக்குப் போயிடும்னு அம்மாவுக்கும் சொல்லல. அக்கா வந்து வாசல்ல நின்னு 'ஐயோ பாவம்'னு ஒரு பார்வை பாப்பாங்களாம். எலும்பு முறிஞ்சதைவிட அது வலிக்குமாம். ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்தே அப்படி. இப்ப ஒரு மாசமா பேச்சே இல்ல."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன மேடம், அவங்க வீட்டுக்காரர் மேல கொஞ்சம் பொறாமை உண்டு. சொந்தக் கடை. யார்கிட்டயும் லீவு கேட்டு நிக்க வேண்டாம். ஆனா நல்ல மனுஷன். இவளுக்குத் தெரியாம அவருக்கு ஒம்பது தடவை போன் பண்ணேன், புதுக் கண்ணாடிக்கு. வேற எவன் போட்டாலும் என் மூக்குல நிக்காது, அவர் கை பட்டாத்தான் நிக்கும். எடுக்கவே இல்ல. கடையில கூட்டம் போல."

எல்-போர்டு வாயைத் திறந்தான். சர்வேயரம்மா அவனைப் பார்த்தார். மூடிக்கொண்டான்.

கீழே இறங்கும்போது அவனால் அடக்க முடியவில்லை. "அப்ப போன சனிக்கிழமை தங்க ஃப்ரேம் போட்டுக்கிட்டு கார் ஓட்டினது யாரு மேடம், ஆவியா?"

"யாரும் இல்ல. புரோக்கர் சொன்ன அடையாளம் இருபத்துநாலு நாளுக்கு முந்தி இருந்த மனுஷனோடது. புரோக்கருக்கு இவரைத் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. சொன்னவங்க இவரோட எதிர்ல உக்காந்து சாப்பிட்டவங்க, இவர் மடிச்சுப் போட்ட தாளை எடுத்து வச்சுக்கிற அளவுக்குக் கிட்ட. ஆனா இவர் விழுந்த சேதி தெரியாதவங்க. அப்புறம், என் உயரம்."

எல்-போர்டு கடைசிப் படியில் நின்றுவிட்டான். "மாமியாரா?"

"மாமியாருக்கு எதுக்குடா ரெண்டு கதவு கார்?"

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரில் மனைவியோடு வந்து இறங்கினார். அந்த அம்மாளின் தலை கணவரின் தோளுக்குத்தான் வந்தது. லேபில் இருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். காரைப் பார்த்ததும், "ஓ, இதுதானா? நல்லாத்தான் இருக்கு" என்றார். புரோக்கர் வானத்தைப் பார்த்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்றார் கண்ணாடிக்காரர். "அவன்தானே?"

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி அம்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமே. உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"லேப்ல ரத்த சாம்பிள் எடுக்கப் போற வேனை நான்தான் ஓட்டுறேன்" என்றார் அவர். குரலில் ஆசை எட்டிப் பார்த்தது. "ஓட்டலாமா?"

உட்கார்ந்தார். பழகிய கை சீட்டுக்கு அடியில் போயிற்று; சீட்டு சரசரவென்று முன்னே வந்து நின்றது. சாவியைத் திருகினார். கார் உறுமி யார்டின் சுவரோரமாக ஒரு சுற்று போனது. அவர் கண்ணாடியைத் தொடுகிறாரா என்றே எல்-போர்டு பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பத்தில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது; கை தானாகவே திண்டின் மூடியைத் தூக்கியது. கூரை எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது. வெயில் அவர் தலைமேல் விழுந்தது. சுவருக்கு ஒரு ஜாண் இடைவெளியில், நூல் பிடித்தாற்போல் வண்டியை நிறுத்தினார்.

"இருபத்திரண்டு வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன்மா" என்றான் எல்-போர்டு மெதுவாக. "புது வண்டியில ஏறிக் கண்ணாடியைத் தொடாம கிளம்புறவங்க ரெண்டே ரகம். ஒண்ணு, டெஸ்ட்ல ஃபெயிலாகப் போறவங்க. அவங்க இப்படி நிறுத்த மாட்டாங்க."

அந்த அம்மாளின் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ரெண்டாவது ரகம்?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் யாரும் சொல்லாமலே திறந்து கிடந்த அந்தச் சின்ன மூடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு புரோக்கரை.

"சார், அம்மாதான் சொன்னாங்க" என்று புரோக்கர் அவசரமாகச் சொன்னார். "நீங்க யோசிக்கிற ஆளாம். பின்னாடி ஒருத்தர் துரத்துறார்னாத்தான் ஓடுவீங்களாம். அடையாளம்கூட அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க."

"இங்க யாரும் வரலையா? சனிக்கிழமை?"

"நான்தான் வந்தேன்" என்றார் மனைவி. காரை விட்டு இறங்கவில்லை. "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மூணு தடவை வந்தேன். நீங்க யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். பதினெட்டு வருஷமா தெரியாதா? எனக்கு இது வேணும். ஒரே ஒரு நாள் அவ வீட்டு வாசல்ல கூரையத் திறந்து வச்சுக்கிட்டு ஹாரன் அடிக்கணும். அவ மூணாவது மாடி ஜன்னல்ல வந்து எட்டிப் பாக்கணும். அவ்வளவுதான். சின்ன வயசுல இருந்து நான்தான் அவளை எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு அவனை ஏன் இழுத்த?"

"வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும், போகட்டும், வாங்கிக்கட்டும்னு சொல்லியிருப்பீங்க."

கண்ணாடிக்காரருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது அத்தனை உண்மை. பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு விஷயம் சார்" என்றார் சர்வேயரம்மா. "உங்க சகலைக்குக் கால் முறிஞ்சு இருபத்துநாலு நாள் ஆச்சு. மாவுக்கட்டோட படுத்திருக்காரு. நீங்க மாட்டிவிட்ட ஃப்ரேமும் உடைஞ்சு போச்சு. புதுசு போட்டுக் குடுக்கச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காரு."

கண்ணாடிக்காரர் போனை வெளியே எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஒம்பது தடவை" என்றார். "ஒவ்வொரு தடவையும் கட் பண்ணேன் மேடம். காரை வாங்கப் போறதைச் சொல்லிக் காட்டக் கூப்பிடுறான்னு நினைச்சேன். ஒரு தடவை… ஒரு தடவை கட் பண்ணிட்டு சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையா அவ?" என்றார் மனைவி.



"கால் முறிஞ்சதைக்கூடவா சொல்ல மாட்டா? நான் அவ அக்கா இல்லையா?" குரல் ஏறியது, பாதியிலேயே இறங்கிவிட்டது. "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

புரோக்கர் மெல்ல ஒரு பைலை நீட்டினார். "சார், நாலு மணி ஆயிடுச்சு. கையெழுத்து…"

"அண்ணே, அந்த இன்னொரு பார்ட்டிக்கு போன் போடுங்க. கால் சரியானதும் வருவாரு" என்றான் எல்-போர்டு.

கண்ணாடிக்காரர் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய டயர்க் கறுப்பைத் தட்டினார். "கடைக்குப் போயிட்டுப் போகலாம்" என்றார் மனைவியிடம். "ஒரு ஃப்ரேம் எடுக்கணும். அவன் பவர் எனக்கு மனப்பாடம்." ஸ்கூட்டரை நோக்கி நடந்தார், காரைத் திரும்பிப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. ஆசை இன்னும் முகத்தில்தான் இருந்தது. மறைக்க முயற்சி செய்யவில்லை.

அவர் மனைவி இறங்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூரை இல்லாத அந்தக் காருக்குள், நல்ல வெயிலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கும் சத்தம் எல்-போர்டுக்குக்கூடக் கேட்டது. தங்கை எடுக்கமாட்டாள் என்றே நினைத்தான்.

எடுத்தாள். இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை. அரை நிமிடம் இருக்கும். ஒரு மாதத்து மௌனம் அந்த அரை நிமிடத்தில் அடைத்துக்கொண்டு நின்றது.

"எந்தக் கால்டி?" என்றார் அக்கா.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.